பன்னிரண்டரை சதவீதம்: பாப் பிரவுனின் அரசியல் எதன்மேல் நின்றது?

1983 ஜனவரி முதல் வாரத்தில் ஆஸ்திரேலியச் சூழல் போராளி பாப் பிரவுன் ஹோபார்ட்டுக்கு அருகே இருக்கும் ரிஸ்டன் சிறையிலிருந்து வெளியே வந்தார். 19 நாள் உள்ளே இருந்திருந்தார். மறுநாள் அவர், ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் சட்டமன்ற உறுப்பினர். இடைத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை, யாரும் அவரை நியமிக்கவும் இல்லை. ஏழெட்டு மாதத்துக்கு முன்பு நடந்து முடிந்த தேர்தலின் வாக்குச் சீட்டுகளில் ஒரு கட்டை எடுத்து மறுபடி எண்ணினார்கள், அவ்வளவுதான்.

சூழல் போராட்டத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் மறியலையும் கைதையும் சிறையையும்தான் பேசுகிறோம். வாக்கு எண்ணும் மேசைக்கு யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பிரவுனின் கதை சொல்லப்படும் விதமும் இதுதான்: ஒரு டாக்டர் ஃபிராங்க்ளின் ஆற்றை அணையிலிருந்து காப்பாற்றினார், மக்கள் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், அவர் தலைவரானார். அந்த நாட்களின் தேர்தல் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. அவருடைய சொந்த மாநிலத்தில் பெரும்பான்மை ஒருநாளும் அவர் பக்கம் இருந்ததில்லை. ஆறு பிழைத்த தேர்தலில்கூட டாஸ்மேனியா அவருக்கு எதிராகத்தான் வாக்களித்தது. அப்படியிருந்தும் அவர் சட்டமன்றத்தில் பத்து வருடம், நாடாளுமன்ற மேலவையான செனட்டில் பதினாறு வருடம் இருந்தார். அது எப்படி முடிந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் ஒரு தோல்வி

இந்தக் கதை பிரவுனிடமிருந்து தொடங்கவில்லை, பெடர் ஏரியிலிருந்து தொடங்குகிறது. டாஸ்மேனியாவின் தென்மேற்கு மலைகளுக்கு நடுவே, இளஞ்சிவப்பு மணற்கரை கொண்ட ஏரி அது. கோடையில் அந்தக் கரையில் சிறு விமானங்கள் இறங்கும், அவ்வளவு அகலம். 1955-இலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். 1967-இல் அந்தத் தகுதியை அரசு நீக்கியது. 1972-இல் நீர்மின் ஆணையத்தின் அணைகள் ஏரியை மூழ்கடித்தன.

அந்த ஆணையத்தை உள்ளூரில் 'ஹைட்ரோ' என்றுதான் சொல்வார்கள். நாலு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் தீவில் அது ஒரு துறையாக மட்டும் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான வேலைகள், துத்தநாக ஆலைக்கும் அலுமினிய ஆலைக்கும் மலிவான மின்சாரம், மாநிலம் முன்னேறுகிறது என்ற நம்பிக்கை, எல்லாம் அதனிடமே இருந்தன. லேபர், லிபரல் இரண்டு கட்சிகளும் அதற்குப் பின்னால் நின்றன. வாக்காளருக்கு மாற்று வழியே இல்லை. அதனால்தான் 1972 மார்ச்சில் ஹோபார்ட் நகர மண்டபத்தில் கூடியவர்கள் ஒரு புதுக் கட்சியைத் தொடங்கினார்கள்: ஐக்கிய டாஸ்மேனியக் குழு. உலகின் முதல் பசுமைக் கட்சி என்று இதைத்தான் சொல்கிறார்கள். தேர்தலில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில், ஏரிக்காகப் போராடிய பிரெண்டா ஹீன் என்ற பெண்மணி, கான்பெராவின் வானத்தில் புகையால் வாசகம் எழுதச் சிறு விமானத்தில் கிளம்பினார். அவரும் விமானி மேக்ஸ் பிரைஸும் திரும்பி வரவில்லை. விமானமும் கிடைக்கவில்லை.

அந்த வருடம்தான் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த 27 வயது டாக்டர் ஒருவர் லான்செஸ்டன் நகரில் மருத்துவம் பார்க்க வந்து சேர்ந்தார். பிரவுன் வந்தபோது ஏரி ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் அந்தத் தோல்வி விட்டுப்போன ஆட்களும் அனுபவமும் கோபமும் அங்கே இருந்தன. அவர் கட்டியெழுப்பியது எல்லாம் அந்த அடித்தளத்தின்மேல்தான். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தோற்ற போராட்டங்களை நாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம்.

ஆறும் வாக்கெடுப்பும்

1976-இல் பிரவுனும் வனவியலாளரான ஒரு நண்பரும் ரப்பர் படகுகளில் ஃபிராங்க்ளின் ஆற்றில் இறங்கினார்கள். அதுவரை மிகச் சிலரே முழுதாகக் கடந்த ஆறு. ஆழமான பள்ளத்தாக்குகள், கரையில் பல நூறு வருடம் வாழும் ஹியூவான் பைன் மரங்கள். பயணத்தின் கடைசியில், ஆறு கோர்டனோடு சேரும் பகுதியில், அணைக்கான ஆய்வு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. அதே வருடம் லிஃபி பள்ளத்தாக்கில் இருந்த பிரவுனின் வீட்டில் ஒரு சிறு கூட்டம் கூடியது. டாஸ்மேனிய வனாந்தரச் சங்கம் பிறந்தது. சில வருடத்தில் அவர் மருத்துவத்தை விட்டுவிட்டு அதன் இயக்குநரானார்.

அதே 1976-இல் இன்னொன்றும் செய்தார். தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதை உள்ளூர் நாளிதழில் வெளிப்படையாகச் சொன்னார். டாஸ்மேனியாவில் அது அப்போது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தச் சட்டம் 1997-இல்தான் போனது. தன்மேல் எறியப்படக்கூடிய கல்லைத் தானே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அரசியலுக்குள் வந்த மனிதர் என்றுதான் நான் அவரைப் பார்க்கிறேன்.

ஆணையத்தின் திட்டம், கோர்டனும் ஃபிராங்க்ளினும் சேரும் இடத்துக்குக் கீழே 180 மெகாவாட் அணை. லேபர் முதல்வர் டக் லோ நடுவழி ஒன்றைத் தேடினார்: அணையைக் கோர்டனிலேயே மேலே, ஓல்கா ஆறு வந்து சேரும் இடத்துக்கு முன்னால் கட்டலாம், ஃபிராங்க்ளினை விட்டுவிடலாம் என்றார். மேலவை அதை ஏற்கவில்லை. இழுபறி முற்றி 1981 டிசம்பர் 12 அன்று மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அதற்குள் லோவின் பதவியே போய்விட்டது.

அந்த வாக்குச் சீட்டில் கேள்வி எப்படி இருந்தது என்று பாருங்கள். இந்த அணை வேண்டுமா, அந்த அணை வேண்டுமா? 'அணையே வேண்டாம்' என்பதற்குக் கட்டமே இல்லை. வாக்களிப்பு அங்கே கட்டாயம். 47 சதவீதம் பேர் ஃபிராங்க்ளின் அணைக்கு வாக்களித்தார்கள். 8 சதவீதம் பேர் ஓல்கா திட்டத்துக்கு. மீதி 45 சதவீதச் சீட்டுகள் செல்லாதவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் 'அணைகள் வேண்டாம்' என்று பேனாவால் எழுதியிருந்தார்கள்.

இதை வெற்றி என்று சங்கம் கொண்டாடலாம், தோல்வி என்று அரசு சொல்லலாம். எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் தங்கள் வாக்கு செல்லாமல் போனாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு உறுதியாக இருந்தார்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கு பெரும்பான்மை ஆகாது. 1982 மே தேர்தலில், அணையைக் கட்டியே தீருவோம் என்ற ராபின் கிரேயின் லிபரல் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. டெனிசன் தொகுதியில் சுயேச்சையாக நின்ற பிரவுன் தோற்றார்.

மறியல்

1982 டிசம்பர் 14 அன்று இரண்டு காரியங்கள் நடந்தன. பாரீஸில் யுனெஸ்கோ அந்தக் காட்டுப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோர்டன் ஆற்றில் மறியல் தொடங்கியது. பட்டியலில் இடம் கிடைத்ததற்குக் காட்டின் அழகு மட்டும் காரணமில்லை. ஃபிராங்க்ளின் கரையில் குட்டிகினா என்ற குகையில், பனி யுகத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் வாழ்ந்த தடயங்கள் 1981-இல் அகழ்ந்தெடுக்கப்பட்டிருந்தன. யாரும் வாழ முடியாத காடு என்று சொல்லப்பட்ட இடம் அது. அணை வந்திருந்தால் குகை தண்ணீருக்குள் போயிருக்கும்.

ஸ்ட்ரான் என்ற மீனவ ஊர்தான் மறியலின் தளம். ஊர்க்காரர்களில் பலருக்கு வந்தவர்களைப் பிடிக்கவில்லை. வேலையைக் கெடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் என்பதே பேச்சு. மறியலுக்குப் போகிறவர்கள் முதலில் வன்முறையற்ற எதிர்ப்பில் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்பது சங்கத்தின் விதி. 1,200-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் ஜாமீன் கிடைக்கும். நூற்றுக்கணக்கானவர்கள் மறுத்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள். பிரவுனின் 19 நாளும் அப்படி வந்ததுதான்.

அவர் உள்ளே இருக்கும்போது, டெனிசனின் உறுப்பினரும் அணையை எதிர்த்தவருமான நார்ம் சாண்டர்ஸ் பதவி விலகினார். இங்கேதான் அந்த வாக்குச் சீட்டுக் கட்டு வருகிறது.

டாஸ்மேனியாவில் 1909 முதல் இருக்கும் தேர்தல் முறைக்கு ஹேர்-கிளார்க் என்று பெயர். நம் ஊரில் ஒரு தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வென்றார், மற்ற வாக்குகளுக்கு அதோடு கதை முடிந்தது. அங்கே அப்போது ஒரு தொகுதிக்கு ஏழு உறுப்பினர்கள். வாக்காளர் தன் விருப்ப வரிசையை 1, 2, 3 என்று எண்ணிட்டுக் காட்டுவார். செல்லும் வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை சதவீதம், ஒருவருக்குச் சேர்ந்துவிட்டால் அவர் உறுப்பினர். ஒருவர் பாதியில் விலகினால் மறுதேர்தல் கிடையாது. அவரை வெல்ல வைத்த அதே சீட்டுகளை எடுத்து, அந்த வாக்காளர்கள் அடுத்தபடியாக யாரை விரும்பினார்கள் என்று எண்ணுவார்கள். சாண்டர்ஸின் வாக்காளர்கள் அடுத்தபடியாக விரும்பியது பிரவுனை.

ஆக, மாநிலம் முழுவதும் தோற்ற ஒரு கருத்துக்கு, அந்தக் கருத்தை உறுதியாகப் பிடித்திருந்த எட்டில் ஒரு பங்குக்காரர்கள் மூலம் சட்டமன்றத்தில் இடம் கிடைத்தது. பிரவுனின் துணிவைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவ்வளவு துணிவும் வேறொரு முறையில் வெளியிலேயே நின்றிருக்கும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆற்றைக் காப்பாற்றியவர்கள் எங்கே இருந்தார்கள்?

1983 மார்ச் 5 அன்று நாடாளுமன்றத் தேர்தல். அணையை நிறுத்துவேன் என்று வாக்குறுதி கொடுத்த லேபர் தலைவர் பாப் ஹாக் நாடு முழுவதும் வென்று பிரதமரானார். டாஸ்மேனியாவின் ஐந்து தொகுதிகளிலும் வென்றது லிபரல் கட்சி. ஐந்துக்கு ஐந்து. மெல்போர்னிலும் சிட்னியிலும் நாளிதழ்களில் பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த படம் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வந்திருந்தது: மூடுபனி, வளைந்து ஓடும் ஆறு, நடுவே ஒரு பாறைத் தீவு. இதை அழிக்கும் கட்சிக்கு வாக்களிக்க முடியுமா என்று அதில் கேட்டிருந்தார்கள். அந்த ஆற்றை நேரில் பார்த்தே இராத லட்சக்கணக்கானவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

புது அரசு உலகப் பாரம்பரியச் சட்டம் கொண்டுவந்தது. டாஸ்மேனிய அரசு பணியவில்லை. 1983 ஜூலை 1 அன்று, நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நான்குக்கு மூன்று. நாடு கையெழுத்திட்ட சர்வதேச ஒப்பந்தத்தை நிறைவேற்ற, மாநிலத்தின் அணையை மத்திய அரசு தடுக்கலாம் என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். ஒரே ஒரு நீதிபதி மாறிச் சொல்லியிருந்தால் இன்று ஃபிராங்க்ளின் நீர்த்தேக்கமாக இருந்திருக்கும்.

இழப்பீடாக மாநிலத்துக்குச் சுமார் 27 கோடி டாலர் போனது. வேறு நீர்மின் திட்டங்கள் வந்தன. பக்கத்தில் இருந்த கிங் ஆற்றில் அணை கட்டினார்கள். ஃபிராங்க்ளின் வெற்றியைச் சொல்லும்போது கிங் ஆற்றையும் சொல்வதுதான் நேர்மை. அப்புறம் ஸ்ட்ரான். மறியல்காரர்களை வெறுத்த அந்த ஊர் இன்று கோர்டன் ஆற்றுப் படகுச் சுற்றுலாவால் வாழ்கிறது.

ஆறு பிழைத்த பிறகு

ஒரே பிரச்சினையை வைத்து வந்தவர்களுக்கு உண்மையான சோதனை, அந்தப் பிரச்சினை தீர்ந்த மறுநாள் தொடங்குகிறது. பிரவுன் அங்கே இருந்து நகரவில்லை. 1986-இல் ஃபார்ம்ஹவுஸ் க்ரீக் என்ற இடத்தில் மரம் வெட்டுவதைத் தடுக்கப் போய் அடிவாங்கினார், அவரை நோக்கித் துப்பாக்கியும் சுடப்பட்டது. 1987-இல் அரைத்தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் தீர்மானம் கொண்டுவந்தார். இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து தோற்கடித்தன. ஒன்பது வருடம் கழித்து, அதே தீவில், போர்ட் ஆர்தரில் அப்படிப்பட்ட துப்பாக்கியால் 35 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தத் தீர்மானத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது.

அவருடைய அரசியல் அடுத்த கட்டத்துக்குப் போனது வெஸ்லி வேல் என்ற ஊர் மூலம். வடக்குக் கரையில் ஒரு மாபெரும் காகிதக்கூழ் ஆலை வரவிருந்தது. எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் கிறிஸ்டின் மில்ன், பள்ளி ஆசிரியை, அந்தப் பகுதி விவசாயக் குடும்பத்துப் பெண். இந்த முறை எதிர்த்தவர்களில் விவசாயிகளும் மீனவர்களும் இருந்தார்கள். காடு, அழகு என்பதற்கு மேல், குளோரின் கலந்த கழிவு கடலுக்குப் போனால் மீன் என்னவாகும், புகை வயலில் இறங்கினால் பயிர் என்னவாகும் என்று கேட்டார்கள். ஃபிராங்க்ளினில் கிடைக்காத உள்ளூர் ஆதரவு இங்கே கிடைத்தது. 1989 மார்ச்சில் நிறுவனங்கள் திட்டத்தைக் கைவிட்டன. மே மாதத் தேர்தலில் பசுமைச் சுயேச்சைகள் ஐந்து பேர், 17 சதவீத வாக்கோடு. லிபரல் 17, லேபர் 13. ஆட்சி யாருக்கு என்பதை அந்த ஐவர் தீர்மானித்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு தொழிலதிபர் லேபர் உறுப்பினர் ஒருவரைக் கட்சி மாற்ற 1,10,000 டாலர் லஞ்சம் பேசினார். உறுப்பினர் போலீஸில் சொல்லிவிட்டார், தொழிலதிபர் சிறைக்குப் போனார். பசுமையாளர்கள் கையில் அதிகாரம் வருவது எத்தனை பேருக்குப் பயமாக இருந்தது என்பதற்கு இந்த ஒன்று போதும்.

லேபரோடு எழுத்துப்பூர்வ உடன்பாடு செய்தார்கள், அமைச்சர் பதவி கேட்கவில்லை. உலகப் பாரம்பரியப் பகுதி சுமார் 13.8 லட்சம் ஹெக்டேராக, ஏறக்குறைய இரட்டிப்பாக விரிந்தது. டக்ளஸ்-ஆப்ஸ்லி தேசியப் பூங்கா வந்தது, தகவல் அறியும் சட்டம் வந்தது. 1990-இல், மரச்சில்லு ஏற்றுமதி அளவு பற்றிய தகராறில் உடன்பாடு முறிந்தது. ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. ஆனால் அந்தப் பூங்காவும் அந்தச் சட்டமும் உடன்பாடு முறிந்ததால் போய்விடவில்லை.

ஒரே மனிதர், இரண்டு எண்ணிக்கை

1993-இல் பிரவுன் சட்டமன்றத்தை விட்டு நாடாளுமன்றக் கீழவைக்கு, அதே டெனிசனில் போட்டியிட்டார். கீழவையில் ஒரு தொகுதிக்கு ஒருவர்தான். தோற்றார். 1996-இல் செனட்டுக்கு நின்றார். அங்கே மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, ஆறு இடம், விகிதாசாரம். மற்றவர்களின் விருப்ப வாக்குகளும் சேர்ந்து வென்றார். மூன்றே வருட இடைவெளி, அதே மனிதர், அதே கொள்கை. மாறியது எண்ணும் முறை மட்டும்.

எதிர்த்தரப்புக்கும் இது தெரிந்திருந்தது. 1998-இல் லேபரும் லிபரலும் கைகோத்து டாஸ்மேனிய சட்டமன்றத்தை 35-இலிருந்து 25 இடமாகக் குறைத்தன. செலவு மிச்சம் என்பது சொன்ன காரணம். தொகுதிக்கு ஐந்து பேர் என்றானதும் தேவையான வாக்கு பன்னிரண்டரையிலிருந்து 16.7 சதவீதமாக ஏறியது. பிரவுன் தரப்பான பசுமைக் கட்சிக்கு இருந்த நாலு இடம் ஒன்றானது.

செனட் காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது அதிகம் பேசப்பட்டதுதான். 2009-இல் அரசின் கார்பன் வணிகத் திட்டம் பலவீனமானது என்று பசுமைக் கட்சியினர் எதிர்த்து வாக்களித்தார்கள். அதைத் தவறு என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். 2010-இல் ஜூலியா கில்லார்டின் சிறுபான்மை அரசோடு உடன்பாடு, 2012 ஜூலையில் டன்னுக்கு 23 டாலர் கார்பன் விலை, 2014-இல் அடுத்த அரசு அதை ரத்து செய்தது. பிரவுன் 2012-லேயே விலகிவிட்டார். கட்சித் தலைவராக அவர் இடத்துக்கு வந்தது வெஸ்லி வேலின் மில்ன்.

செனட்டராக இருந்தபோதும் அவர் காட்டை விடவில்லை. வீலாங்டா காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துத் தன் பெயரிலேயே வழக்குப் போட்டார். 2006-இல் வென்றார், 2007-இல் மேல்முறையீட்டில் தோற்றார். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் அவர் தலையில் விழுந்தது. கட்ட முடியாமல் திவாலானால் செனட் பதவி போய்விடும். 2009-இல் ஆயிரக்கணக்கானவர்கள் பணம் அனுப்பி அதைக் கட்டினார்கள்.

வெளியூர்க்காரராக

2019-இல், 74 வயதில், அதானி நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்து ஹோபார்ட்டிலிருந்து குயின்ஸ்லாந்துக்கு வாகன ஊர்வலம் போனார். கிளெர்மான்ட் என்ற சுரங்க ஊரில் எதிர் ஊர்வலம் காத்திருந்தது. அடுத்த மாதத் தேர்தலில் மத்திய குயின்ஸ்லாந்தின் நிலக்கரித் தொகுதிகளில் வாக்குகள் பெருமளவில் ஆளும் கூட்டணிப் பக்கம் சாய்ந்தன. லேபர் தோற்றது. லேபர் கட்சியில் பலர் பிரவுனைக் குற்றம் சொன்னார்கள். சுரங்கம் இப்போது இயங்குகிறது.

தோல்விக்கு ஊர்வலம் மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஸ்ட்ரானையும் கிளெர்மான்ட்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு ஊரும் வந்தவர்களை வெளியூர்க்காரர்கள் என்றன. ஸ்ட்ரானுக்குப் போனபோது பிரவுன் அந்தத் தீவில் பத்து வருடம் வாழ்ந்திருந்தார், வைத்தியம் பார்த்திருந்தார், அந்த ஆற்றில் படகு ஓட்டியிருந்தார், அங்கேயே தேர்தலில் நின்று தோற்றிருந்தார். அவரை வெறுத்தவர்களுக்கும் அவர் யாரென்று தெரியும். கிளெர்மான்ட்டில் அப்படி எதுவும் இல்லை. வெஸ்லி வேல் மாதிரி அந்த ஊர் விவசாயி ஒருவர் முன்னால் நின்று, பிரவுன் பின்னால் நின்றிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

லிஃபி வீட்டை 2011-இல் அவர் புஷ் ஹெரிட்டேஜ் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். 1990-இல் கிடைத்த கோல்ட்மேன் விருதுப் பணத்தை முன்பணமாக வைத்து, அந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஏலத்துக்கு வந்த காட்டை வாங்கியபோது அவரே தொடங்கிய அமைப்புதான் அது. பெடர் ஏரி இன்னும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

டாஸ்மேனிய சட்டமன்றத்தை மறுபடி 35 இடமாக்கிச் சட்டம் நிறைவேறியது. 2024 மார்ச்சில் அந்த எண்ணிக்கையில் முதல் தேர்தல் நடந்தது. தேவையான வாக்கு மீண்டும் பன்னிரண்டரை சதவீதம். பசுமைக் கட்சிக்குக் கிடைத்த இடங்கள், 1989-இல் போலவே, ஐந்து.